பெட்டை மூன்று குறைவு

கோழிக்குஞ்சு வருவதற்கு முன்னாலேயே படிவம் வந்துவிட்டது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஆனால் அதை வம்பு என்று சொல்ல அந்த பிளாக் ஆபீஸில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஐயாயிரம் படிவம் அச்சாகி வந்து, அலமாரியில் அடுக்கி, பூட்டும் போட்டாயிற்றே, இனி என்ன சொல்வது?

படிவத்தில் 'பயனாளியின் பெயர்' என்பதற்கு நேரே புள்ளிக்கோடு இருந்தது. 'ஊர்' என்பதற்கு நேரே புள்ளிக்கோடு இருந்தது. அதற்குமேல் புள்ளிக்கோடு கிடையாது. 'பெற்ற குஞ்சுகள்: பன்னிரண்டு. அவற்றுள் பெட்டை: ஆறு. சேவல்: ஆறு. இறப்பு: இல்லை' என்று எல்லாவற்றையும் அச்சிலேயே முடித்திருந்தார்கள். "எண்ணுக்கு இடம் விட வேண்டாமா?" என்று அச்சாபீஸ்காரர் கேட்டாராம். "விட்டால் ஆளுக்கொன்று எழுதுவார்கள்" என்று பதில் போயிற்றாம்.

இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், ராசிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்தது. எந்த பிளாக் என்று கேட்காதீர்கள். சொன்னால் அதற்கும் ஒரு படிவம் வரும்.

வெள்ளைக்கல்பாளையத்து நாச்சிமுத்துவுக்குப் படிவக் கதை எதுவும் தெரியாது. அவன் தறிக்குழியில் உட்கார்ந்து வேட்டி நெய்கிறவன். அதுவரைக்கும் அவனுக்கும் கோழிக்கும் இருந்த சம்பந்தமெல்லாம், பாவு நூல் நீட்டிய இடத்தில் கோழி நடந்தால் கல்லெடுத்து எறிவதுதான். அப்படிப்பட்டவன் கோழி வளர்க்க வந்தது அவன் மனைவி பாவாயிக்காக.

பாவாயி நெஞ்சில் சளி கட்டி, சேலத்து ஆஸ்பத்திரியில் நாலு மாதம் படுத்துக் கிடந்து, எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தவள். உடம்புதான் போயிருந்தது, வாய் அப்படியே இருந்தது. அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் நாச்சிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊசி, மருந்து எல்லாம் நாங்க பார்த்தாச்சு. இனிமே சாப்பாடுதான் வேலை செய்யணும். தினம் ரெண்டு முட்டை, ஒரு வருஷம். விட்டீங்கன்னா மறுபடி தூக்கிட்டு வருவீங்க. அப்போ என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். தினம் இரண்டு முட்டை! மாப்பிள்ளை வந்தால் மட்டும் முட்டை பார்க்கிற வீடு அது. நாச்சிமுத்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே யோசனையாக வந்தான்.

அந்தச் சமயம் பார்த்து கிராம சேவக் கஸ்பார் சைக்கிளில் வந்து இறங்கினார். சேலம் டவுன்காரர், நாற்பதைத் தாண்டியவர், இன்னும் வேலை நிரந்தரமாகாதவர். மேலே இருக்கிறவர்கள் சொல்வதைக் கீழே இருக்கிறவர்களிடம் சொல்லி, கீழே இருக்கிறவர்கள் திட்டுவதை வாங்கிக்கொள்வது அவர் உத்தியோகம்.

"அண்ணே, பிளாக்குல நாப்பது வீட்டுக்கு வெள்ளைச் சீமைக் கோழிக்குஞ்சு குடுக்கறாங்க. வீட்டுக்குப் பன்னெண்டு. ஒரு வருஷத்துக்கு விக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. போடற முட்டை உங்களுக்கு" என்றார்.

"முட்டை எங்களுக்குங்களா?" என்று நாச்சிமுத்து இரண்டு தரம் கேட்டான். கட்டிலில் கிடந்த பாவாயி மூன்றாம் தரம் கேட்டாள். மூன்று தரமும் கஸ்பார் ஆமாம் என்றார்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் விழா வைத்துக் குஞ்சு கொடுத்தார்கள். பிளாக் அதிகாரி பி.டி.ஓ. ஜீப்பில் வந்து முக்கால் மணி நேரம் பேசினார். மூங்கில் கூடைகளில் குஞ்சுகள் வெயிலில் கத்திக்கொண்டிருந்தன.

"இயற்கை நேர்மையானது!" என்றார் பி.டி.ஓ. "மனிதன் தவறு செய்வான். இயற்கை செய்யாது. ஆண் பாதி, பெண் பாதி என்பது விஞ்ஞானம். ஆகவே பன்னிரண்டு குஞ்சில் ஆறு பெட்டை உண்டு. இதை நான் சொல்லவில்லை, திட்டம் சொல்கிறது. திட்டத்தில் எழுதியிருப்பதை நடத்திக் காட்டுவது கோழியின் கடமை. கோழிக்கு அதை எடுத்துச் சொல்வது உங்கள் கடமை."

கைதட்டல் அடங்கியதும் நாச்சிமுத்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஆறு பெட்டை என்றால் தினம் நாலு முட்டைக்குப் பழுதில்லை என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டான்.

அவன் வளர்த்தது மாதிரி அந்த நாற்பது வீட்டில் ஒருத்தரும் வளர்க்கவில்லை. மற்ற வீடுகளில் பருந்து தூக்கியது பாதி, கழிச்சலில் போனது கொஞ்சம். போன குஞ்சுக்குப் பதிலாக வெள்ளையாகக் கிடைத்த நாட்டுக்குஞ்சைச் சேர்த்துக்கொண்டார்கள். படிவம்தான் 'இறப்பு: இல்லை' என்று சொல்லிவிட்டதே! நாச்சிமுத்து வீட்டில் நிஜமாகவே ஒன்றும் சாகவில்லை. தறிக்குழி ஓரத்தில் கூடையை வைத்து, ஒரு கண்ணைப் பாவிலும் ஒரு கண்ணைக் கூடையிலும் வைத்திருந்தான். வெளியே விட்டால் பாவாயி கட்டிலில் படுத்தபடியே நீளக் குச்சியால் காக்கை ஓட்டினாள்.

"ஆஸ்பத்திரியில நாலு மாசம் சும்மாக் கெடந்தேன். இப்பப் பாருங்க, சர்க்காரு உத்தியோகம்" என்பாள்.

இரண்டு மாதத்தில் கொண்டை எழும்பியது. எழும்ப எழும்ப நாச்சிமுத்து தறியை விட்டு எழுந்து எழுந்து எண்ணினான். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு என்று சிவப்புக் கொண்டையாக முளைத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது சேவல், மூன்று பெட்டை.

"ஏனுங்க, முட்டைக்கு வாங்கினீங்களா, சாவக்கட்டுக்கு வாங்கினீங்களா?" என்றாள் பாவாயி.

"சும்மா இரு புள்ள. மூணு பொட்டை போதும். மூணும் போட்டா தெனம் ரெண்டு முட்டை வந்துரும். டாக்டரு கேட்டது ரெண்டுதான?" என்றான். அவளைச் சமாதானம் பண்ணச் சொன்னாலும் அது நிஜமாகவே சரியாக வந்ததில் அவனுக்கே சந்தோஷமாகிவிட்டது.

மறுவாரம் கஸ்பார் படிவத்தோடு வந்தார். "இங்க ஒரு கைநாட்டு, இல்ல கையெழுத்து" என்று நீட்டினார். நாச்சிமுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன். படித்தான்.

"பொட்டை ஆறுன்னு போட்டிருக்குதுங்க. இங்க மூணுதானுங்க. சாவலு ஒம்போது."

"மாதாவே!" என்றார் கஸ்பார். "அண்ணே, அதை எதுக்கு எண்ணினீங்க?"

எதற்கு எண்ணினானா? நெசவாளி எண்ணாமல் என்ன செய்வான்? பாவில் ஓர் இழை குறைந்தாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும். இருபது வருஷமாக இழை எண்ணிய கை அது. எண்ணியதை எண்ணியபடி சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டார். "மத்த முப்பத்தொன்பது வீட்லயும் ஆறு ஆறுன்னு கையெழுத்து வாங்கியாச்சு. சின்னண்ணன் வீட்ல எட்டுப் பொட்டை. ரெண்டைப் பங்காளி வீட்ல விட்டுட்டு ஆறுன்னுட்டாரு. வள்ளியாத்தா வீட்ல ஏழு சாவல். ஒண்ணைக் குழம்பு வெச்சுட்டு ஆறுன்னுட்டாங்க. உங்களுக்கு மட்டும் என்னண்ணே?"

"இல்லாத மூணு பொட்டைக்கு நான் எப்படீங்க கையெழுத்துப் போடறது? நாளைக்கு ஆபீசரு வந்து காட்டுன்னா எதைங்க காட்டறது?"

கஸ்பார் பெருமூச்சு விட்டு, அச்சடித்த ஆறு இரண்டையும் அடித்து, பென்சிலால் மேலே மூன்று, ஒன்பது என்று எழுதினார். அந்த ஆபீஸுக்குப் போன படிவங்களில் பெயர், ஊர், கையெழுத்தைத் தவிர வேறு எழுத்து ஏறியது அன்றைக்குத்தான்.

பதினைந்தாம் நாள் ஓலை வந்தது. 'பொருள்: பெட்டை மூன்று குறைவு, சேவல் மூன்று அதிகம். விளக்கம் கோருதல்.' நாச்சிமுத்து, ஐயா, எனக்குக் கொடுத்தது இதுதான், நான் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதி அனுப்பினான். இரண்டாவது ஓலை வந்தது: 'ஒன்றும் செய்யவில்லை என்பதே குற்றச்சாட்டு.' மூன்றாவது ஓலையில், காணாமற்போன பெட்டைகளை விற்றீரா, உண்டீரா, அதிகமுள்ள சேவல்கள் யாருடையவை, அவற்றை எங்கிருந்து கொண்டு வந்தீர் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள்.

"ஆறு பொட்டையில மூணைத் தின்னுட்டு, அடுத்தவன் ஊட்டு மூணு சாவலைத் திருடி வந்து கணக்குச் சரி பண்ணுனீங்களாமா" என்று பாவாயி சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். வந்தது.

ஓலைகள் போய்வந்துகொண்டிருந்ததில் கோழிகளுக்கு ஐந்து மாதமாகிவிட்டது. ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, நூல் கூடைக்குள் ஒரு பெட்டை உட்கார்ந்து எழுந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை கிடந்தது. நாச்சிமுத்து அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்ப் பாவாயியிடம் காட்டினான். நாலு நாளில் மற்ற இரண்டும் போட ஆரம்பித்தன. தினம் இரண்டு முட்டை. டாக்டர் சொன்னது சொன்னபடி!

பதினோரு நாள். பதினோராம் நாள் பாவாயி கட்டிலை விட்டு எழுந்து, ஒருத்தர் கையையும் பிடிக்காமல் தெருமுனைப் புளியமரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. நாச்சிமுத்து தறியை விட்டு எழுந்து வாசலில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றான்.

பன்னிரண்டாம் நாள் விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. கோழிகளையும் கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு.

பிளாக் ஆபீஸில் பி.டி.ஓ. உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குமாஸ்தா, வாசலில் பியூன், ஜன்னலோரம் ஜீப் டிரைவர். கஸ்பார் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

"நாச்சிமுத்து என்பது நீதானா? உனக்கு இயற்கை மேல் என்ன கோபம்?"

"எனக்கென்னங்க கோவம்? நீங்க குடுத்ததைத்தான் வளத்துனேனுங்க."

"நாங்கள் கொடுத்தது ஆறும் ஆறும்."

"கூடையில குஞ்சாத்தானுங்க குடுத்தீங்க. அப்ப ஆருக்குங்க தெரியும் எது சாவலு, எது பொட்டைன்னு?"

"எங்களுக்குத் தெரியும். பாதிக்குப் பாதி. இப்போதே நிரூபிக்கிறேன், பார்." பி.டி.ஓ. சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்தார். "தலை என்றால் சேவல். பூ என்றால் பெட்டை. பத்துத் தடவை சுண்டுவேன். ஐந்து தலை, ஐந்து பூ விழும். விழாவிட்டால் என்னைக் கேள்."

சுண்டினார். ஏழு தலை, மூன்று பூ.

பி.டி.ஓ. காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தேய்ந்த காசு" என்றார். குமாஸ்தா தன் காசைக் கொடுத்தார். நாலு, ஆறு. "இது எண்ணெய்ப் பிசுக்கு" என்றார். டிரைவர் காசு ஆறு, நாலு. "ஜீப்பில் அதிர்ந்த காசு." நாச்சிமுத்துவின் இடுப்பு முடிச்சிலிருந்த காசைக் கேட்டு வாங்கினார். எட்டு, இரண்டு. "காசு கூட உன்னைப் போலத்தான் இருக்கிறது!" என்று அதட்டினார். ஐந்தாவதாகப் பியூனின் காசைச் சுண்டியபோது ஐந்து தலை, ஐந்து பூ விழுந்தது.

"பார்த்தாயா!" என்று பி.டி.ஓ. மேஜையைத் தட்டினார். குமாஸ்தா கைதட்டினார். "சோதனை தியரியோடு முழுக்க ஒத்துப்போகிறது. எழுதுங்கள்." குமாஸ்தா அந்த ஒரு தடவையை மட்டும் எழுதிக்கொண்டார். அந்தக் காசை அரசாங்கக் காசு என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பியூன் பாவம், அதற்கப்புறம் அந்தக் காசைக் கண்ணாலும் பார்க்கவில்லை.

நாச்சிமுத்து பேந்தப் பேந்த முழித்தான். "ஏனுங்க, முன்னாடி நாலு தடவை வேற வேறயா உளுந்துச்சுங்களே?"

"அவை தவறான சோதனைகள். சரியான விடை வராத சோதனை சோதனையே இல்லை. நாலு காசை நான் மாற்றினேன் அல்லவா? நீ ஏன் கோழியை மாற்றவில்லை?"

தீர்ப்பு உடனே சொன்னார். மூன்று பெட்டை குறைகிறது. குறைகிற மூன்றை ஒப்படைக்கும் வரை, இருக்கிற மூன்றையும் ஜாமீனாக ஆபீஸ் எடுத்துக்கொள்ளும்.

"ஐயா, வேண்டாமுங்க!" நாச்சிமுத்து மேஜைக்கு முன்னால் கும்பிட்டு நின்றான். "என்ற பொண்டாட்டி அந்த முட்டையிலதான் எந்திரிச்சு நடக்கறா. சாவலு ஒம்போதையும் எடுத்துக்கோங்க சாமி. பொட்டையை உட்டுருங்க."

"சேவல் அதிகமாக இருக்கிறது. அதிகமாக இருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது? குறைகிறதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்" என்றார் பி.டி.ஓ.

மூன்று பெட்டையின் காலிலும் சான்றுப் பொருள் என்று அட்டை கட்டி, ஆபீஸ் பின்கட்டில் விட்டார்கள். சான்றுப் பொருள் தன் வேலையை நிறுத்தவில்லை. தினமும் முட்டை போட்டது. அதற்கும் ஒரு குறிப்பு எழுதினார்கள்: சான்றுப் பொருள் இடும் முட்டை கெட்டுப்போகும் தன்மையுடையது, ஆகவே அன்றன்றே பைசல் செய்யப்படும். ஒற்றைப்படை நாளில் பி.டி.ஓ. வீட்டிலும் இரட்டைப்படை நாளில் குமாஸ்தா வீட்டிலும் பைசலாயிற்று.

நாச்சிமுத்து வாரத்துக்கு ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு ஆபீஸுக்கு நடந்தான். போனால் பின்கட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பான். மூன்றும் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருக்கும். வீட்டிலோ ஒன்பது சேவலும் விடிந்தது முதல் கூவி, ஒன்றையொன்று கொத்தி, பாவின் மேல் ஏறி நூலை அறுத்தன. விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, தீனி மட்டும் போட வேண்டும். அவனுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் காட்டுவது? சேவல் மேலா?

பாவாயி முதலில் புளியமரம் வரைக்கும் போவதை நிறுத்தினாள். பிறகு வாசல் வரைக்கும். ஆவணியில் மறுபடி கட்டிலோடு கட்டிலானாள். காக்கை ஓட்டுகிற குச்சி மட்டும் பக்கத்தில் கிடந்தது.

புரட்டாசியில் மெட்ராஸிலிருந்து ஒரு புள்ளிவிவர நிபுணர் வந்தார். கோழித் திட்டத்தின் வெற்றியைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவதற்காக அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நாற்பது வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்து, பி.டி.ஓ. பெருமையோடு பதிவேட்டை நீட்டினார். நிபுணர் ஒரு பக்கம் புரட்டினார். இரண்டு பக்கம் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்ன கூத்து?"

"ஆறும் ஆறும், சார். முப்பத்தொன்பது வீட்டிலும்."

"அதைத்தான் கேட்கிறேன். பன்னிரண்டு குஞ்சு என்பது பன்னிரண்டு காசைச் சுண்டுவது போல. சரியாக ஆறுக்கு ஆறு விழுவது நூற்றுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று தடவைதான். நாற்பது வீட்டில் ஒன்பது வீட்டில் வரலாம். முப்பத்தொன்பதில் வந்தால் அது கோழி செய்த வேலை இல்லை ஐயா, குமாஸ்தா செய்த வேலை!"

பின்வரிசையில் இருந்த நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பாடா, ஒரு படித்த மனுஷன்! துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் ஓடினான்.

"சாமி, என்ற ஊட்டுல ஒம்போது சாவலு, மூணு பொட்டைங்க. உள்ளதைச் சொன்னேனுங்க. அதுக்குத்தான் என்னையத் திருடன்னு சொல்லிப் போட்டாங்க."

நிபுணர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஒன்பது, மூன்றா? மிகவும் இயல்பான எண். நாற்பதில் இரண்டு வீட்டில் வர வேண்டியதுதான். இந்தப் பதிவேட்டிலேயே நம்பத் தகுந்த வரி இது ஒன்றுதான்."

"அப்பிடீன்னா என்ற மூணு பொட்டையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க சாமி. ஊட்டுல சீக்காளி கெடக்கறா."

"அது நிர்வாகம்" என்றார் நிபுணர். "நான் புள்ளிவிவரம்."

"என்ற கணக்குத்தான் சரீன்னு இப்பச் சொன்னீங்களே?"

"ஒரு வீட்டை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது அப்பா. பத்தாயிரம் வீட்டைப் பார்த்தால் பாதிக்குப் பாதி தானாக வந்துவிடும்."

"பத்தாயிரம் ஊட்டையும் பாத்து முடிச்சா, என்ற ஊட்டுல எத்தனை பொட்டைங்க இருக்கும்?"

"அது கேள்வியே இல்லை" என்று நிபுணர் திரும்பிக்கொண்டார். பிறகு பி.டி.ஓ.விடம், "நான் இரண்டு நாள் ஏற்காட்டில் இருக்கிறேன். இறங்கி வரும்போது பதிவேடு தியரியோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் உண்மையை எழுதிவிடுவேன்" என்று சொல்லி, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு ஜீப் ஏறினார்.

பி.டி.ஓ. தாளைப் படித்தார். ஒன்பது வீட்டில் சமம். எட்டு வீட்டில் ஏழு சேவல், எட்டு வீட்டில் ஏழு பெட்டை. ஐந்து வீட்டில் எட்டுச் சேவல், ஐந்து வீட்டில் எட்டுப் பெட்டை. இரண்டு வீட்டில் ஒன்பது சேவல், இரண்டு வீட்டில் ஒன்பது பெட்டை. மிச்சம் ஒரு வீட்டில் பத்துச் சேவல். மொத்தம் நாற்பது. அவர் முகம் மலர்ந்தது. ஆறும் ஆறும் அச்சடித்தது போல இதையும் அச்சடித்துவிடலாம்.

"ஆனால் எந்த வீட்டுக்கு எது என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது. அது மோசடி" என்றார் கண்டிப்பாக. "இயற்கைதான் தீர்மானிக்க வேண்டும். சீட்டு எழுதுங்கள்."

மறுநாள் மத்தியானம் அதே வேப்பமரத்தடியில் சீட்டுக் குலுக்கினார்கள். நாற்பது சீட்டு, ஒரு பிஸ்கட் டின். இரண்டு பெட்டையைப் பங்காளி வீட்டில் ஒளித்த சின்னண்ணனுக்குச் சமம் விழுந்தது. ஏழாவது சேவலைக் குழம்பு வைத்த வள்ளியாத்தாளுக்குப் பத்துச் சேவல் விழுந்தது. அந்த அம்மாள் டின்னையே பிடுங்கப் போனாள். நாச்சிமுத்து முறை வந்தது. கையை விட்டுத் துழாவி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தான். மறுபடி படித்தான்.

பெட்டை ஒன்பது. சேவல் மூன்று.

"நாச்சிமுத்துக்கு அடிச்சுது பாரு!" என்று கூட்டம் கத்தியது. ஒன்பது பெட்டை! தினம் ஆறு முட்டை. இரண்டு பாவாயிக்குப் போக மிச்சத்தைத் தெருவுக்கே கொடுக்கலாம். அவனுக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துவிட்டது. இயற்கை நேர்மையானதுதான், நாம்தான் பொறுக்காமல் பேசிவிட்டோம் என்று கூட நினைத்தான்.

"எப்பங்க குடுப்பீங்க? சாயங்காலமே கூடையைக் கொண்டாந்துருட்டுங்களா?"

"எதை?" என்றார் பி.டி.ஓ.

"ஒம்போது பொட்டையை."

பி.டி.ஓ. அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நாங்கள் கோழி கொடுப்பதில்லை நாச்சிமுத்து. கோழியெல்லாம் தையிலேயே கொடுத்தாயிற்று. இது கணக்கு. உன் வீட்டில் ஒன்பது பெட்டை இருக்கிறது என்று சீட்டு சொல்கிறது."

"என்ற ஊட்டுல ஒரு பொட்டையும் இல்லீங்களே! இருந்த மூணும் உங்க பொடக்காலியில மேயுதே! என்ற ஊட்டுல ஒம்போது சாவல்தானுங்க நிக்குது!"

"அப்படியானால்..." பி.டி.ஓ. குமாஸ்தா பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளுங்கள். பெட்டை ஒன்பது குறைவு. சேவல் ஆறு அதிகம். போன தடவை குறைவு மூன்றுதான். மூன்று மாதத்தில் ஒன்பதாக்கிவிட்டான். இந்த ஆளுக்கு இன்னும் எவ்வளவு சலுகை காட்டுவது?"

அழுவதா, அடிப்பதா என்று நாச்சிமுத்துவுக்கே தெரியவில்லை. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். வழியெல்லாம் மூன்று, ஆறு, ஒன்பது என்று முனகிக்கொண்டே போனான். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

வீட்டுக்குள் போனவன் நேரே முற்றத்துக்குப் போய், இருப்பதிலேயே பெரிய சேவலை எட்டிப் பிடித்தான்.

"என்னங்க பண்றீங்க?" என்று பாவாயி கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினாள். "சர்க்காரு சாவலுங்க. அடிக்கக் கூடாதுன்னாங்களே!"

"சர்க்காரு கணக்குல இந்த ஊட்டுல மூணு சாவலுதான் புள்ள. இங்க ஒம்போது நிக்குது. அப்ப ஆறு சாவலு இல்லாத சாவலு. இல்லாததை அடிச்சா எவன்டி கேப்பான்? கேக்கட்டும், வாடான்னு சொல்றேன்!"

இருபது வருஷத்தில் அவன் அப்படிச் சத்தம் போட்டுப் பேசி அவள் கேட்டதில்லை. மிளகு அவன்தான் அரைத்தான். அடுப்பும் அவன்தான் பற்ற வைத்தான். சாறு கொதித்து வாசம் தெருவுக்குப் போனபோது, கஸ்பார் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கையில் புதுப் படிவம். அச்சு மை இன்னும் காயவில்லை.

கஸ்பார் சட்டியைப் பார்த்தார். முற்றத்தில் எண்ணிப் பார்த்தார். எட்டு.

"உக்காருங்க கஸ்பாரு" என்றான் நாச்சிமுத்து. "இல்லாத சாவலு. ஒரு வாய் சாப்பிடுங்க."

கஸ்பார் உட்கார்ந்து சாப்பிட்டார். பாவாயி சுவரில் சாய்ந்து, டம்ளரில் நாலு வாய் சாறு குடித்தாள். ஐந்தாம் வாய்க்கு இருமல் வந்துவிட்டது. நாச்சிமுத்து முதுகைத் தடவிக்கொண்டே, ஆறு சேவல் என்றால் வாரத்துக்கு ஒன்று வைத்தாலும் ஆறு வாரம், அப்புறம் என்ன செய்வது என்று யோசித்தான். வருஷம் முடிய இன்னும் எத்தனையோ வாரம் இருந்தது.

"அதுல என்னங்க சாமி எழுதியிருக்குது? படிங்க கேப்போம்" என்றாள் பாவாயி, இருமல் அடங்கியதும்.

கஸ்பார் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி படித்தார். "பயனாளி நாச்சிமுத்து. பெட்டை ஒன்பது. சேவல் மூன்று. இறப்பு இல்லை. முட்டை, நாள் ஒன்றுக்கு ஆறு."

"ஆறா? தெனமுமா?"

"அச்சுல அப்படித்தாங்க அக்கா இருக்குது. ஒன்பது பொட்டைக்குச் சராசரி ஆறு."

பாவாயி முற்றத்தில் கூவிக்கொண்டிருந்த எட்டுச் சேவலையும் பார்த்தாள்.

"நாலை அவங்களே வெச்சுக்கட்டும் சாமி" என்றாள். "அந்த ஆறுல எனக்கு ரெண்டு மட்டும் குடுத்துவுடச் சொல்லுங்க. டாக்டரு சொல்லியிருக்காரு."

கஸ்பார் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அதை எழுத எங்கேயும் புள்ளிக்கோடு விட்டிருக்கவில்லை.